“பாவமா இருந்துச்சு மிஸ்”: முதியோர் இல்லம் போய்வந்த பிள்ளைகளும் மறைக்கல்வி வகுப்பும்

கேள்வி: அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் மறைக்கல்வி (கத்தோலிக்கச் சமயப் பாடம்) ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் 38 பேர். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை மறைக்கல்வி. மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் 38 பேரையும் ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனோம். கேக் கொடுத்தோம், பாட்டு பாடினோம், படம் எடுத்துக்கொண்டோம். திரும்பி வந்து எழுதச் சொன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் “பாவமா இருந்துச்சு மிஸ்” என்றே எழுதியிருந்தார்கள். இந்த ஆண்டு இதை ஒழுங்காகச் செய்யும்படி தாளாளர் சொல்கிறார். சான்றிதழும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் கொடுக்கலாம் என்கிறார். இந்து, முஸ்லிம் பிள்ளைகள் சிலரும் வர ஆசைப்படுகிறார்கள், சேர்க்கலாமா? ஒரு பையன், “எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் இல்ல மிஸ், ஆனா அங்க மட்டும் வர்றேன்” என்கிறான். அவனை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

“பாவமா இருந்துச்சு” என்று எழுதியதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள், பண்டிகைக்கு முன், 38 பேர் கும்பலாக, கையில் கேக்கோடு போய் நின்றால் பார்க்கக் கிடைப்பது அது மட்டும்தான். கொடுப்பவர் இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம் என்று நாம்தான் நிற்க வைத்தோம்.

பெல்ஜியம் குரு ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்த “பார்த்தல், தீர்ப்பிடுதல், செயல்படுதல்” என்ற முறையை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் இருந்தவர் எவரும் அறிவார். திருத்தந்தை 23-ம் யோவான் 1961-ல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலிலும் அது பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. நம் பள்ளிகளில் அந்த மூன்றில் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வேன் ஏற்பாடு, பொருள் வசூல், விழா எல்லாம் செயல்படுதல். பார்ப்பதற்கும், பார்த்ததை நற்செய்தியின் முன் வைத்துப் பேசுவதற்கும் நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் வேலையின் பாதி அந்த இரண்டில்தான் இருக்கிறது. எனவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இல்லத்தில் முக்கால் மணி நேரம் என்றால், அதற்கு முன் வகுப்பில் ஒரு பாடவேளை, வந்த பின் ஒரு பாடவேளை. அதற்கு வழியில்லாத மாதத்தில் போகாமல் இருப்பது நல்லது.

முதலில் இடம். பல இல்லங்களுக்கு ஒவ்வொரு முறை என்று பரப்ப வேண்டாம்; ஒரே இல்லம், ஆண்டு முழுதும். நடந்தோ ஒரே டவுன் பஸ்ஸிலோ போகும் தூரமாக இருக்கட்டும். ஜூன் மாதத்திலேயே பிள்ளைகள் இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, எந்த நாள், எந்த நேரம் அவர்களுக்குத் தொந்தரவில்லை, என்ன தேவை, என்ன வேண்டவே வேண்டாம் என்று கேளுங்கள். இயேசுவே பர்த்திமேயுவிடம், உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பார்வை கொடுத்தார் (மாற்கு 10:46-52). பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், இருந்தும் கேட்டார். முதல் தயாரிப்பு வகுப்புக்கு இந்தப் பகுதியே போதும்.

கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் நாம் எதிர்பார்க்காததாக இருக்கும். டிசம்பரில் இனிப்பும் கேக்கும் குவிந்து கிடக்கும். அங்குள்ளவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். பல் போனவர்களுக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுபோகும் கூட்டமும் உண்டு. உண்மையில் தட்டுப்பாடாக இருப்பவை பெரியவர்களுக்கான டயாப்பர், துணி துவைக்கும் சோப்பு, பினாயில், மெல்லிய துண்டு, கொசுவலை போன்றவை. படத்தில் எடுப்பாகத் தெரியாத பொருள்கள் என்பதால் யாரும் கொடுப்பதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. 38 பேரை மூன்று குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு 12 அல்லது 13 பேர். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு முறை, வெவ்வேறு வாரத்தில். குழுவுக்கு இரண்டு பெரியவர்கள் கட்டாயம், அதில் ஒருவர் பெண். ஜூலை முதல் பிப்ரவரி வரை தேர்வு மாதங்களை விட்டுக் கணக்கிட்டால் ஒரு பிள்ளை ஐந்தாறு முறை போய்வரும். ஐந்து முறை பார்த்த பாட்டியைப் பற்றிப் “பாவம்” என்று மட்டும் எழுத முடியாது. அவருக்கு ஒரு பெயர் இருக்கும், ஊர் இருக்கும், கோபமும் இருக்கும்.

அங்கே என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத பெரியவர் எதிரில் உட்கார வைத்து, “பேசு” என்றால் பேச்சு வராது. “சாப்பிட்டீங்களா பாட்டி? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” இரண்டாவது கேள்வியிலேயே பாட்டி அழத் தொடங்குவார், பிள்ளை மிரண்டுவிடும். எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இருவர் கையிலும் ஒரே வேலையைக் கொடுங்கள்.

சின்ன வெங்காயம் இதற்கு நன்றாகப் பொருந்தும். சமையலறைப் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லி மூன்று கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் கையாலேயே கழன்று வரும், கத்தி வேண்டாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியும் மடியில் வைக்க ஒரு முறமோ தட்டோ. இரண்டு பெரியவருக்கு நடுவே ஒரு பிள்ளை. முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. “இப்படியா உரிக்கிறது, வாலைக் கிள்ளு முதல்ல” என்று பாட்டி அதட்டுவார். அந்த நேரத்தில் கற்றுக்கொடுப்பவர் அவர், கற்பது பிள்ளை. சென்ற ஆண்டு கேக்கோடு நின்றபோது இருந்த முறை அங்கே தானாக மாறிவிடுகிறது. நாம் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. கீரை ஆய்வது, துவைத்த துணி மடிப்பது, பூண்டு உரிப்பது, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது எல்லாமே இப்படிப் பயன்படும். உரித்த வெங்காயம் அன்றைக்கே சாம்பாருக்குப் போக வேண்டும். வேலை வெறும் சாக்கு என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கும் பிடிக்காது, பெரியவர்களுக்கும் பிடிக்காது.

சில வேலைகளைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது. சோறு ஊட்டுவது அதில் முதலாவது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். ஊட்டும் கை தெரியாமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கால் நகம் வெட்டுவதும் வேண்டாம்: சர்க்கரை நோயாளியின் காலில் சின்ன வெட்டுக் காயம்கூட ஆறாத புண்ணாகலாம். படுக்கையிலிருந்து தூக்குவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கழிவறைக்கு அழைத்துப் போவது மூன்றும் பணியாளர் வேலை. காய்ச்சல், இருமல், சளி உள்ள பிள்ளை அந்த முறை பள்ளியிலேயே இருக்கட்டும். நமக்கு இரண்டு நாள் சளி, அங்கே ஒருவருக்கு அது நிமோனியாவாகிவிடக்கூடும். கதவடைத்த அறையில் ஒரு பிள்ளை தனியாக ஒரு பெரியவரோடு இருக்கக் கூடாது. கூடத்திலோ தாழ்வாரத்திலோ எல்லோர் கண்ணிலும் படும்படிதான். பெற்றோர் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், உடன் வரும் ஆசிரியர், பிள்ளைக்கு உள்ள ஒவ்வாமை, அவசரத்துக்கான எண் ஆகியவை இருக்கட்டும். பிள்ளைகளிடம் கைப்பேசி வேண்டாம். இல்லத்தில் யாராவது கொடுமைப்படுத்தப்படுவதாகப் பிள்ளைகள் சொன்னால் அதைத் தள்ளிவிடாதீர்கள். மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567.

இனி திரும்பி வந்த பின் வரும் பாடவேளை. அதே நாளில் முடியவில்லை என்றால் அடுத்த வேலை நாளில் வைத்துவிடுங்கள்; ஒரு வாரம் தள்ளினால் நினைவு ஆறிவிடும். “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் மிஸ்ஸுக்குப் பிடிக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததை மட்டும் கேளுங்கள். ஒரு நோட்டில் நான்கு வரி: யாரோடு உட்கார்ந்தாய், பெயர் என்ன? அவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தை அவர் பேசியபடியே எழுது. அவர் உனக்கு என்ன கொடுத்தார் அல்லது சொல்லிக்கொடுத்தார்? எந்த நிமிடம் உனக்கு அங்கிருந்து போய்விடலாம் என்று தோன்றியது?

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். “வாடை அடிச்சுச்சு மிஸ்”, “கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல, பயமா இருந்துச்சு” என்று உண்மை அப்போதுதான் வரும். வந்தால் கண்டிக்க வேண்டாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு லூக்கா 10-ம் அதிகாரத்துக்குப் போங்கள். நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் குருவும் லேவியரும் (ஆலயப் பணியாளர்) விலகிப் போனதை எப்போதும் கெட்டவர்கள் கதையாகவே சொல்லிக் கொடுக்கிறோம். விலகிப் போகத் தோன்றுவது என்ன என்று இப்போது பிள்ளைக்கே தெரியும்; அந்த இருவரையும் அது தனக்குள் பார்க்கும். அதே உவமையின் முடிவையும் கவனிக்க வைக்கலாம். நின்று உதவிய சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதோடு போய்விடவில்லை. மறுநாள் விடுதிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. இரண்டு நாள் கூலியும், திரும்பி வருவேன் என்ற வாக்கும், தன்னால் முடியாததை வேறொருவரிடம் ஒப்படைத்ததும் அந்தக் கதையில் இருக்கின்றன. ஏன் மாதாமாதம் போகிறோம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது அரிது.

அடுத்த மாதங்களில் மத்தேயு 25:31-46, யோவான் 13-ல் பாதம் கழுவுதல், யாக்கோபு 2:14-17 என்று போகலாம். ஒரு முறைக்கு ஒரு பகுதி. மூன்றையும் ஒன்றாகத் திணிக்க வேண்டாம். கடைசியில் ஐந்து நிமிட மௌனம், பிள்ளைகள் தாங்களே சொல்லும் மன்றாட்டு, தாங்கள் சந்தித்தவர்களின் பெயர் சொல்லி. “ஏழைகளுக்காக மன்றாடுவோம்” என்பதற்கும் “முழங்கால் வலியோடு இருக்கும் அந்தோணியம்மா பாட்டிக்காக” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு வேலை: அம்மா அப்பாவிடம், “நம்ம தாத்தா பாட்டிய கடைசிக் காலத்துல யார் பாத்துக்கிட்டாங்க?” என்று கேட்டு வரட்டும். நம்பிக்கையில் பிள்ளைகளை வளர்க்கும் முதல் கடமை பெற்றோருடையது என்று திருச்சபைச் சட்டமே (774-ம் பிரிவு) சொல்கிறது. வருடத்துக்கு ஒரு பெற்றோர் கூட்டத்தில் அதை நினைவூட்டுவதைவிட இந்தக் கேள்வி அதிகம் சாதிக்கும். ஒரு எச்சரிக்கை: வகுப்பில் ஒரு பிள்ளையின் பாட்டியே ஏதாவது ஓர் இல்லத்தில் இருக்கலாம், அல்லது ஒரு பிள்ளையின் வீடு பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை தரும் அரிசியில் ஓடலாம். வீட்டில் கேட்டு வந்த பதிலை வகுப்பில் உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள்.

மற்ற சமயப் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் சேவையையும் மறைக்கல்வியையும் தனித்தனியே வையுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் இசைவின்றி எந்த மாணவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3)-ம் கூறு. பிற சமய மாணவர்கள்மீது நம் மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்வி அலுவலகமும் 2024-ல் பள்ளிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை: கத்தோலிக்கப் பள்ளியில் நற்செய்தியின் விடுதலை உணர்வும் அன்பும் நிலவ வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கல்வி பற்றிய அறிக்கையில் கேட்டது. விருப்பமில்லாத பிள்ளையை வரிசையில் நிறுத்திச் செபமாலை சொல்ல வைப்பதில் விடுதலையும் இல்லை, அன்பும் இல்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். இல்லத்துக்குப் போகும் குழுவில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் கலந்திருக்கட்டும். இதனால் குழு நான்காகவோ ஐந்தாகவோ ஆனால் ஆகட்டும். நோட்டில் நான்கு வரி எழுதுவதும் எல்லோரும் ஒன்றாக. அதற்குப் பிறகு கத்தோலிக்கப் பிள்ளைகள் நற்செய்திப் பகுதியோடு மறைக்கல்வி வகுப்புக்கும், மற்றவர்கள் அதே நான்கு வரியோடு நன்னெறி வகுப்புக்கும் போகட்டும். நன்னெறி ஆசிரியரை ஜூன் மாதத்திலேயே பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். “ஈதல்”, “முதுமை” என்று திருக்குறளிலும் புறநானூற்றிலும் அவருக்குப் பொருள் நிறையவே உண்டு. இல்லத்தில் சிற்றாலயம் இருந்தால், “விரும்புகிறவர்கள் மட்டும் வாங்க” என்று அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். வராத பிள்ளை வெளியே தனியாக நிற்கும்; அது விருப்பம் ஆகாது. ஆலயச் சந்திப்பை வேறொரு நாளுக்கு வையுங்கள்.

சான்றிதழ், மதிப்பெண் விஷயத்தில் தாளாளரிடம் மறுத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் தேர்ச்சி பெற இத்தனை மணி நேரச் சேவை என்று விதி உண்டு. அங்கேயும் கையெழுத்து வாங்கும் ஓட்டமாக அது மாறிவிடுகிறது என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. மதிப்பெண் வைத்த அன்றைக்கே நான்காவது வரியில் உண்மை வருவது நின்றுவிடும். உறுதிபூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெறுவதற்கு நிபந்தனையாக வைப்பதும் இதே வகைதான். தாளாளருக்குத் தேவை ஆண்டறிக்கையில் போட ஏதாவது ஒன்று. அதைக் கொடுத்துவிடுங்கள்: எத்தனை முறை, எத்தனை பேர், இல்லத்தின் பொறுப்பாளர் எழுதித் தரும் அரைப்பக்கக் குறிப்பு. படம் வேண்டுமென்றால் வெங்காயம் உரிக்கும் கைகளை மட்டும் எடுக்கலாம். பெரியவர்களின் முகம் வேண்டாம். “சரி, எடுத்துக்கோங்க” என்று அவர்கள் சொன்னாலும், சோறு போடும் இடத்தில் இருந்துகொண்டு மறுக்கத் தயங்குகிறார்களா என்று நமக்குத் தெரிய வழியில்லை. பிளெக்ஸ் பேனர் கொண்டுபோகவே வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பிள்ளைகளிடம் காசு சேர்க்கும் உண்டியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். வகுப்பு வாரியாக எவ்வளவு சேர்ந்தது என்று காலை வழிபாட்டில் அறிவித்துப் போட்டி மூட்டும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதை நிறுத்துங்கள். கொடுக்க இல்லாத பிள்ளை அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கி வரும். மொத்தத் தொகையையும் அது எதற்குச் செலவானது என்பதையும் மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

பள்ளிக்குள்ளேயும் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். நம் பள்ளித் தூய்மைப் பணியாளரின் பெயர், காவலாளியின் பெயர், சத்துணவு சமைக்கும் அம்மாவின் பெயர் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? மைதானத்தைப் பெருக்க யாரை அனுப்புகிறோம், எப்போதும் அதே சில பிள்ளைகளையா? சில பங்குகளில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் மாநிலத்தில் மறைக்கல்வி நடத்துகிறோம். வெளியே போய்ச் செய்யும் சேவை இந்தக் கேள்விகளை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. (அதற்காகக் கழிப்பறை கழுவப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அது சேவையாகாது, புகாராகித் தலைமையாசிரியர்மீது நடவடிக்கை வரை போகும், போக வேண்டியதும்தான்.)

நம்பிக்கை இல்லை என்று சொன்ன பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிபந்தனை இல்லாமல். அவன் சொன்னதைப் பங்குத்தந்தையிடமோ வீட்டிலோ சொல்ல வேண்டாம். உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறான். திருத்த வேண்டும் என்று மன்றாட்டு வாசிக்கவோ முன்னின்று செபம் நடத்தவோ அவனை நிறுத்தாதீர்கள். நற்செய்திப் பகுதி பேசும்போது மற்றவர்களைப் போல அவனும் கேள்வி கேட்கட்டும். பதினான்கு வயதில் வரும் இந்தப் பேச்சில் பாதி, யாரோ ஒரு பெரியவர் மேல் உள்ள கோபமாக இருக்கும். மீதிப் பாதி நேர்மையான சந்தேகமாக இருக்கும். எது என்று இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கே புலப்படும். அதற்கு முன்பே விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அவன் வாயை மூடிக்கொள்வான், இல்லத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுவான்.

நாள்காட்டி கடைசியாக. தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ல் ஜூலை மாத நான்காம் ஞாயிறுக்கு ஏற்படுத்தினார். அதற்கு முந்தைய வாரம் தொடங்குங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அந்த மாதம் விடுப்பு. நவம்பரில் கல்லறைத் திருநாளும், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறில் உலக வறியோர் நாளும் (2017 முதல்) வருகின்றன. டிசம்பரில் எல்லோரும் போவார்கள். நீங்கள் போகாமல் ஜனவரி முதல் வாரம் போங்கள், யாரும் வராத வாரம் அது. ஆண்டுக்குள் யாராவது இறந்துபோகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் போவதற்கு முந்தைய நாள் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் பேசித் தெரிந்துகொண்டு, பிள்ளைகளிடம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்; இல்லத்து வாசலில் போய் நின்று, “அந்தப் பாட்டி எங்கே?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. அவரோடு உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த முறை போகாமலிருக்க விருப்பம் என்றால் விட்டுவிடுங்கள்.

பிப்ரவரிக்குப் பின் ஆண்டுத் தேர்வு, விடுமுறை, பிறகு அவர்கள் பத்தாம் வகுப்பு. பெரியவர்களுக்கு இதைச் சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜனவரியிலேயே, “பிப்ரவரி வரைக்கும்தான் பாட்டி, அப்புறம் எங்களுக்குப் பரீட்சை” என்று பிள்ளைகளே சொல்லட்டும். கடைசி முறை போகும்போது எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாறு பேரைக் கூட்டிப் போய், யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அறிமுகம் செய்து வைக்கட்டும். ஜூலையில் அந்த ஐந்தாறு பேரை மையமாக வைத்துப் புதிய குழுக்களைக் கட்டுங்கள்.